நாற்பத்து மூன்று பேருக்கும் டோக்கன் ஏழு

பொத்தான் என்று ஒன்றை எங்கே வரைந்து வைத்தாலும் யாராவது வந்து அதை அழுத்துவார்கள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்காமல், எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் நிறம் வரலாம் என்று எனக்கு ஆறு மாதம் பாடம் நடத்தினார்கள். முடிவில் சான்றிதழும் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினேன். (இப்போது அது அரிசி டப்பாவுக்கு அடியில் ஈரம் ஏறாமல் காக்கிறது. அம்மாவின் முடிவு. நான் தலையிடவில்லை.)

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் தெரியாது. செல்போனில் நீங்கள் ஒரு ஆப்பைத் திறக்கிறீர்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அழுத்தினால் அடுத்து எந்தத் திரை வர வேண்டும் என்று முடிவு செய்வது நான். உண்மையான ஆப் எழுதுவதற்கு முன்னால் அதைப் போலவே ஒன்று செய்து காட்டுவோம். புரோட்டோடைப் என்று பெயர். சினிமாவுக்குப் போட்ட வீட்டு செட் மாதிரி. கதவு திறக்கும், ஜன்னல் திறக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் மூங்கில் முட்டு. அதை இணையத்திலேயே ஒரு ஃபைலாக வைத்திருப்போம். லிங்க் அனுப்பினால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து பார்க்கலாம், கருத்து எழுதலாம், அனுமதி கொடுத்தால் திருத்தவும் செய்யலாம். யார் உள்ளே இருக்கிறாரோ அவர் பெயரோடு ஒரு சின்ன அம்புக்குறி திரையில் நகரும். இதற்குக் கூட்டுமுயற்சி என்று பெயர். இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று திறந்து பார்ப்பேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன டிசைன் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடியப் போகிறது. முதலாளி கார்த்தி சார் கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒருநாள் கூப்பிட்டு, “இந்த வேலைய நீயே தனியா பாரு செல்வி. கஸ்டமர் ஓகே சொல்லிட்டாங்கன்னா உனக்கு பெர்மனென்ட்” என்றார். சொல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அதை அப்பா சொன்னார்.

அப்பா, வேலை செய்த மில் மூடியதிலிருந்து நேரு வீதியில் ஒரு நகைக்கடை வாசலில் செக்யூரிட்டி. அந்தக் கடையில் பில் போடும் நாற்காலி ஒன்று காலியானது. எனக்காக அவர் முதலாளியிடம் பேசியும் வைத்துவிட்டார். “செவ்வாக்கெழம வரைக்கும் பாப்பேன். ஆச்சுன்னா ஆச்சு. இல்லன்னா புதன்கெழம காலைல என்கூட வண்டில ஏறு” என்றார். அவரோடு வாதம் செய்ய முடியாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்து பழகியவர், எதிராளி களைத்துப் போகும்வரை நிற்பார்.

கஸ்டமர் யாரென்றால் ஒரு சொல்தா சங்கம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். வருடா வருடம் ஜனவரியில் இவர்கள் எல்லாரும், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக ஒரு தாளைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். சங்கத்தில் அந்தத் தாளை நிரப்பிக் கொடுப்பார்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்பதும், யார் முதலில் என்று சண்டை வருவதும் வழக்கம். அதனால் செல்போனிலேயே ரான்தேவு வாங்கிக்கொண்டு வரும்படி ஒரு ஆப் வேண்டும் என்றார் சங்கத் தலைவர் முசே சவரி. (ஐயாவுக்கு அவர்கள் சொல்வது முசே, கல்யாணமாகாத என்னை மத்மசெல் என்பார்கள், அப்பாயின்ட்மென்டுக்கு ரான்தேவு. நான் முதல் நாள் ஏதோ சாப்பிடுகிற அயிட்டம் என்று நினைத்துத் தலையாட்டினேன்.) புரோட்டோடைப்பைக் கமிட்டிக்குக் காட்ட அவர் குறித்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை.

மூன்று திரை செய்தேன். முதலில் பெயர் எழுத வேண்டும், அடுத்ததில் நாள் தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்றாவதில் பெரிய பச்சை டிக் வரும். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: “உங்கள் ரான்தேவு உறுதியாகிவிட்டது. செவ்வாய், காலை 10.30. கிஷே 3. டோக்கன் 7. உங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்.”

நீங்கள் எந்தப் பெயரை எழுதினாலும், எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் இதுதான் வரும். செட் வீடு அல்லவா. செவ்வாய் பத்தரை என்பது என் மண்டையில் ஏறியிருந்த ஒரே நேரம், அதனால் போட்டேன். ஏழு என் ராசி எண். கிஷே என்றால் கவுண்டர். சங்கத்தில் இருப்பது ஒரே ஒரு மேசைதான், ஆனால் கிஷே 1 என்று போட்டால் பார்க்க ஏழ்மையாக இருக்கும் என்று 3 போட்டேன். எல்லாத் திரையிலும் மேலே சிவப்பில் ‘மாதிரி மட்டும்’ என்று பட்டை போட்டேன். அதாவது, நான் அவ்வளவு முட்டாள் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வியாழக்கிழமை லிங்கைக் கமிட்டியின் மூன்று பேருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அஜுதான் ஆரோக்கியம் கூப்பிட்டார். சங்கச் செயலாளர். ராணுவத்தில் அஜுதான் பதவியில் இருந்து ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் பதவி இன்னும் அவர் பெயருக்கு முன்னால்தான் இருக்கிறது. அலுவலகக் காகிதங்களைத் திருத்தியே காலம் கழித்தவர்.

“மத்மசெல், உங்க பிரெஞ்சு சரியில்ல. நானே திருத்திர்றேன். எங்க அழுத்தணும்?”

“நீங்க கமென்ட்ல எழுதுங்க முசே, நான் மாத்திர்றேன்.”

“நான் எழுதி, நீங்க படிச்சு, நீங்க மாத்தி, நான் மறுபடி பாத்து. எதுக்கு மத்மசெல் இவ்வளவு சுத்து?”

மூன்று முறை கூப்பிட்டார். நான்காவது முறை கூப்பிட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் போனை எடுத்து, அவருக்குத் திருத்தும் அனுமதியைக் கொடுத்துவிட்டு, மீன் குழம்புக்குத் திரும்பினேன். என் வாழ்க்கையில் நான் மிக அதிக விலை கொடுத்த கவளம் அது.

சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு கமென்ட் வந்திருந்தது. “பிரெஞ்சு திருத்தப்பட்டது. தேவையற்றவை நீக்கப்பட்டன.” கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். எது தேவையற்றது என்று திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு கார்த்தி சார் கேட்டார். மீன் குழம்பைக் காரணம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முசே சவரி அந்த லிங்கைத் தூக்கிச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டார். கூடவே ஒரு வரி: “அனைவரும் உள்ளே சென்று அழுத்திப் பார்க்கவும்.”

அழுத்தினார்கள். நான் ஃபைலைத் திறந்தபோது, மழை விட்ட சாயங்காலத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றுகிற ஈசல் மாதிரி அம்புக்குறிகள் மொய்த்தன. கமென்டுகள் கொட்டின. “போன்ழூர். அனைவரும் நலமா?” என்றார் ஒருவர். பன்னிரண்டு பேர் நலம் என்றார்கள். “திரை கீழே இறங்கவில்லை, என் முழங்காலும்தான்” என்று இன்னொருவர். முதல் திரையில் அழகுக்காக ஒரு பெரியவர் படத்தை வைத்திருந்தேன், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த யாரோ. “இவர் நம் ரெஜிமான் இல்லையே?” என்று ஒருவர் படைப்பிரிவு விசாரணையை ஆரம்பிக்க, இருபத்தாறு பதில்கள் போய், கடைசியில் அவர் காரைக்கால் பக்கம் ஒருவருடைய சம்பந்தி என்று முடிவாகி, அவருக்கு நல்ல சுகம் வேண்டிப் பிரார்த்தனையும் நடந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நோட்டிஃபிகேஷனை அணைத்தேன்.

ஆனால் ஒரு வகைக் கமென்ட் மட்டும் எனக்குத் தேனாக இருந்தது. “கிடைத்துவிட்டது. மெர்சி.” “வந்துவிட்டது. மிக்க நன்றி.” “டிக் வந்தது, மெர்சி பொக்கூ.” திங்கட்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தோரு மெர்சி. படம் பிடித்துக் கார்த்தி சாருக்கு அனுப்பினேன். அப்பாவிடமும் காட்டினேன்.

“முப்பத்தோரு பேருக்குப் புடிச்சிருக்குப்பா.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். “எதுக்கும்மா இவங்க எல்லாம் தேங்க்ஸ் சொல்றாங்க?”

“டிசைனுக்குப்பா.”

“டிசைனுக்கா.” கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “சரி.”

அப்பாவுக்கு டிசைன் புரியாது என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை முத்தியால்பேட்டையிலிருந்து அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். சங்கம் சாரத்தில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் இருந்தது. தெருமுனையில் திரும்பியபோது வாசலில் கூட்டம். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாரும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. சில பேர் நெஞ்சில் மெடல். இரண்டு பேர் தலையில் ராணுவத் தொப்பி. ஒருவர் கடலூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மணி பத்தே கால். பிரெஞ்சு ராணுவம் இவர்களுக்கு வேறு என்ன சொல்லிக்கொடுத்ததோ, நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பதை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தது.

வாசலில் முசே சவரி. அவர் சித்திரை வெயிலிலும் வியர்க்காதவர், அன்று முகமெல்லாம் ஈரம்.

“மத்மசெல், போன்ல வந்த ஒருத்தரையும் சேத்து நாப்பத்தி மூணு பேரு வந்துருக்காங்க. எல்லார் போன்லயும் ஏழாம் நம்பரு. மூணாவது கிஷே எங்கன்னு கேக்குறாங்க. நான் எங்கன்னு சொல்றது?”

“முசே, அது சும்மா மாதிரிக்குச் செஞ்சது. நெஜம் இல்ல. மேலயே பெருசா எழுதியிருக்கேனே.”

“எங்க எழுதியிருக்கு?”

உள்ளே போய் மேசையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். காட்ட ஒன்றும் இல்லை. மூன்று திரையிலும் சிவப்புப் பட்டை இருந்த இடம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிற மாதிரி அந்தப் பட்டையைக் கட்டியிருந்ததும் நான்தான். (அப்படிச் செய்வது கெட்டிக்காரத்தனம் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.)

அஜுதான் ஆரோக்கியம் ஒரு அடி முன்னால் வந்தார். “அத நான்தான் எடுத்தேன். ஆபீஸ் காகிதத்துல மாதிரின்னு எழுதியிருந்தா யாரு மதிப்பா? நீங்களும் நல்லதுன்னு வெரல் காட்டுனீங்க.”

காட்டினேன். ஃபைலில் இன்னும் இருந்தது, மஞ்சள் நிறத்தில்.

இதற்குள் ஐந்தாறு பேர் மூன்றாவது கிஷேயைத் தேடிக் கொல்லைப்புறம் போய்விட்டார்கள். பின் போர்ஷனில் குடியிருந்த அம்மா, துணி துவைக்கிற இடத்தில் மெடலோடு நிற்கிறவர்களைப் பார்த்து என்ன விஷயம் என்று சத்தம் போட்டார். அஜுதான் எல்லாரையும் வரிசையாக நிறுத்தப் பார்த்தார். பதவிப்படி என்றார் ஒருவர், வயதுப்படி என்றார் இன்னொருவர், டோக்கன்படி என்றால் எல்லாரும் ஏழு. ஒருவர் கையில் இருந்த போனில், பிரான்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அவருடைய சிநேகிதர் வீடியோவில் இருந்தார். அங்கே இன்னும் விடியாத நேரம், ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார். “எனக்கும் ஏழுதான். எப்ப கூப்புடுவாங்க?” என்று கேட்டபடியே இருந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “கொஞ்சம் கேளுங்க. அழுத்துனா அடுத்த படம் வரும், அவ்ளோதான். பின்னாடி ஒண்ணுமே இல்ல. யாருக்கும் ரான்தேவு குடுக்கல.”

முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதாம் லூர்து என்னைப் பார்த்தார். சொல்தா ஒருவருடைய மனைவி. கணவர் போய் நாலு வருடமாம், விதவைப் பென்ஷனுக்காக வந்தவர். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

“பின்னாடி ஒண்ணுமில்லன்னா, காத்துக்கிட்டு இருக்கோம்னு ஏம்மா எழுதுன?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த இடத்தில் ஒரு வரி காலியாக இருந்தது, நிரப்ப எழுதினேன் என்று நான் எப்படிச் சொல்வேன். அதுவரைக்கும் எல்லார் மேலும் வந்த எரிச்சல் மொத்தமாக என் மேல் திரும்பியது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. புதன்கிழமை காலை அப்பா வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்து போவது நன்றாகத் தெரிந்தது.

அப்பா இன்னும் போகவில்லை. யூனிஃபார்மோடு வண்டி மேல் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலைச் சமாளிக்கிறவருக்கு இது கூட்டமே இல்லை. சுவரில் தொங்கிய பழைய தினசரி காலண்டர் அட்டையிலிருந்து தாள்களைக் கிழித்தார். ஒவ்வொருவரிடமும் போய்ப் புது நம்பர் கொடுக்கப் பார்த்தார். ஒருவர்கூட வாங்கவில்லை. எங்கள் நம்பர் ஏழு, அதை எதற்கு விட வேண்டும் என்றார்கள். அஜுதானும் அவர்கள் பக்கம்.

அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, நிலத்துக்குப் பட்டா பிரிக்கிற மாதிரி, 7/1, 7/2, 7/3 என்று எழுத ஆரம்பித்தார். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. 7/1 மதாம் லூர்துக்குப் போனது. வீடியோவில் இருந்தவருக்கு 7/43, தாளைப் போன் முன்னால் பிடித்துக் காட்டினார். அவர் ஸ்வெட்டரோடு எழுந்து நின்று நன்றி சொன்னார்.

“நீ போய் உக்காரும்மா” என்றார் என்னிடம்.

“எங்கப்பா?”

“மூணாவது கவுண்டர்ல.”

அஜுதான் அதற்குள் ஒரு அட்டையில் GUICHET 3 என்று ராணுவ எழுத்தில் எழுதி, சங்கத்தின் ஒரே மேசையில் ஒட்டிவிட்டார். அந்த எழுத்தில் ஒரு பிழை கிடையாது. நான் உட்கார்ந்தேன். முசே சவரி படிவக் கட்டை முன்னால் வைத்தார். பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கிறார் என்று எழுதத் தொடங்கினேன். பெயர், பிறந்த தேதி, பணியாற்றிய ரெஜிமான். எல்லாரும் தங்கள் பெயரை எனக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள், முழங்காலைப் பற்றியும் சொன்னார்கள். மூன்று மணிக்கு மேல்தான் முடிந்தது. வீடியோக்காரருக்கு மட்டும் நேரில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவர் 7/43-ஐ அப்படியே வைத்திருக்கச் சொன்னார்.

கடைசித் தாளை மடக்கும்போதுதான் லேப்டாப் ஞாபகம் வந்தது. கமிட்டிக்குக் காட்டும்போது கார்த்தி சாரும் பார்க்க வேண்டும் என்று காலையில் அதைத் திறந்தபோதே வீடியோ காலில் இணைத்திருந்தேன். மேசை ஓரத்தில் அது கூட்டத்தைப் பார்த்தபடி திறந்தே கிடந்தது. சார் இன்னும் அங்கே இருந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

“எல்லாத்தயும் பாத்தீங்களா சார்?”

“சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து போனேன்” என்றார். ரொம்ப நேரம் துடைத்தார். “நான் பத்து வருஷமா செய்யறதுல ஒண்ணக்கூட யாரும் நம்புனது இல்ல செல்வி. மொத ஸ்கிரீன்லயே, இது டம்மியான்னு கேட்டுருவாங்க.” அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெர்மனென்ட் ஆக்கவில்லை, அனுப்பவும் இல்லை. பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அந்தக் கம்பெனியில் இப்போது யாருக்காவது திருத்தும் அனுமதி கொடுப்பதற்கு முன்னால், சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். சட்டமே அப்படி.

ஆப்பைச் சங்கம் வாங்கவில்லை. அஜுதான் கைப்பட எழுதிய கடிதத்தில், ஆப் நன்றாக இருந்ததாகவும், ஆனால் அந்த ஆளைத்தான் தாங்கள் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும் இருந்தது. அந்த ஆள் என் அப்பா. நகைக்கடையை விட்டுச் சங்கத்துக்கு மாறினார். முதல் மாதத்திலேயே பிரெஞ்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, அதை எங்கள் மேல் தினமும் பயன்படுத்தினார். பில் போடும் நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. புதன்கிழமை காலை என்னை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டது உண்மைதான், ஆனால் லாஸ்பேட்டையில் இறக்கிவிட்டார்.

நான் இப்போது கொஞ்சம் பெரிய டிசைனர். இருந்தாலும் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் அந்த மேசையில் உட்கார வேண்டும். எழுத ஆள் பத்தவில்லை என்று அப்பா இரண்டு வாரம் முன்பே கூப்பிடுவார். அட்டை கிழிந்துபோய், இப்போது தகரத்தில் பெயின்ட் அடித்த GUICHET 3 போர்டே தொங்குகிறது. பக்கத்தில் வேறு மேசை கிடையாது. வருடா வருடம் புதிதாக யாராவது வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, ஒண்ணாவது கிஷேயும் ரெண்டாவது கிஷேயும் எங்கே என்று கேட்பார். நாற்பது பேருக்கும் கேட்கும்படி அப்பா என் பக்கம் கையைக் காட்டுவார்.

“அது ரெண்டயும் எம்பொண்ணு இன்னும் வரையல முசே.”